போர்மேன் ஓடினார்

பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும் போர்மேன் வெள்ளைத்துரை, பட்டாசுக் கம்பெனி கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

அங்கே வேலை பார்க்கும் மாரிசெல்வி அதைப் பார்த்துப் பதறினாள். அவள் புருஷன் வெடிமருந்து கலக்கும் ரூமில் இருந்தான்.

"ஏங்க, வெளிய வாங்க! போர்மேனே ஓடுறாரு!"

அவனை இழுத்துக்கொண்டு ஓடினாள். மொத்தக் கம்பெனியும் பின்னால் ஓடியது. திரும்பிப் பார்த்த வெள்ளைத்துரை இன்னும் வேகமெடுத்தார்.

திருத்தங்கல் ரோட்டில் சரிந்து உட்கார்ந்தார்.

"எந்த ரூம்லண்ணே தீ?" என்றாள் மாரிசெல்வி.

"எனக்கென்ன தெரியும்? நீங்க ஓடியாறதப் பாத்துத்தான் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுனேன்!"

"மொதல்ல ஓடுனது நீங்கதானே?"

வெள்ளைத்துரை தொப்பையைத் தடவினார். "எடை கூடுனா கேன்சர் வர வாய்ப்பும் கூடுமாம். தெனமும் நடக்கச் சொன்னாரு டாக்டர். சீக்கிரம் குறையட்டும்னு ஓடிட்டேன்."

மாரிசெல்வி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"டாக்டர் சொன்னபடி நடங்கண்ணே! நம்ம ஊர்ல போர்மேன் ஓடலாமா?"