வராத கிராண்ட்மாஸ்டர்

“வந்து பாருங்கய்யா இந்த அநியாயத்த! பயிரு கதிர் வாங்குற நேரத்துல வயலுக்குள்ள கேஸ் குழாய் பதிக்க வர்றாங்க! ஏன்னு கேட்ட எங்களக் கல்யாண மண்டபத்துல அடைச்சு வச்சிருக்காங்க!”

மண்டபத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நீடாமங்கலம் சாலையில் போவோர் வருவோரை நோக்கி முழங்கினார் துரைராசு. சைக்கிளில் சென்ற ஒருவர் காலை ஊன்றி நின்றார். வாசலில் வாழைமரம் இல்லையே என்று குழம்பினார். பிறகு மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

“தொண்டை கட்டிக்கப் போவுது, தலைவரே,” என்றாள் அம்சம். நடவுக்கும் அறுப்புக்கும் ஊரில் முதல் ஆளாக இறங்குகிறவள். “ஒங்க ஆளு வந்து பேசட்டும். வருவாருல்ல?”

மண்டபமே சிரித்தது.

ஆட்சிகள் மாறின, கொடிகளின் நிறம் மாறியது, உழுபவனைக் கேட்காமல் உழவு நிலத்தில் கைவைக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அதை மாற்றவே புறப்பட்டது அந்த ஊர். கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து உலகெங்கும் சதுரங்கம் ஆடும் வைரக்கண்ணு வயல் மறியலுக்கு வருவார். அவர் வந்தால் பத்திரிகைகள் வரும். பத்திரிகைகள் வந்தால் இயந்திரம் திரும்பிப் போகும். ‘கிராண்ட்மாஸ்டர் வைரக்கண்ணு ரசிகர் மன்ற’த் தலைவர் என்ற முறையில் ஊருக்கு இப்படி வாக்களித்திருந்தார் துரைராசு.

அதை நம்பித்தான் அன்று காலை ஊரே கடைத்தெருவில் திரண்டு, முப்பதடிக் கட்-அவுட்டை நிமிர்த்தி, மேளம் கட்டிக் காத்திருந்தது. அவரை வரவேற்று, ஊர்வலமாக வெண்ணாற்றுப் பாலத்தைக் கடந்து வயலுக்குப் போவதாக ஏற்பாடு. கிராண்ட்மாஸ்டர் வரவில்லை, காவல்துறை வந்தது. கைப்பேசிகளையும் பிடுங்கிக்கொண்டது. வயல் பிழைத்ததா, பொக்லைன் புகுந்து பயிரை மிதித்துவிட்டதா, உள்ளே இருந்த எவருக்கும் தெரியாது.

“வருவாரு. எதையும் யோசிச்சுத்தான் செய்வாரு,” என்றார் துரைராசு.

“ஆமாமா. ஒரு காய நகத்த முக்கா மணி நேரம். அதுக்குள்ள நான் ஒரு நாத்தங்காலையே பறிச்சுப் போட்ருவேன்.”

“அது ஆட்ட நுணுக்கம்க்கா,” என்று குறுக்கிட்டார் மன்றத்தின் செயலாளர், டீக்கடை அப்துல் ஜலீல். “பதினேழு வயசுல கிராண்ட்மாஸ்டர்! ஜெர்மனிக்காரன் ஊருக்கே போயி அவனத் தோக்கடிச்சவரு!”

“அப்பறம்? டிரா, டிரா, டிரா! சண்டை போடவே கூச்சம், பாய். ராணிய வெட்டுறப்பகூட எழவு வீட்டுக்குத் துக்கம் கேக்கப் போன மாதிரி மூஞ்சிய வச்சுக்கும். எங்க தெருவுல பொறந்த புள்ளதானே, எனக்குத் தெரியாதா? சின்னதுல பம்பரத்துல ஜெயிச்சாலும், தோத்தவன் அழுதான்னா பம்பரத்தத் திருப்பிக் குடுத்துரும்.”

“அதுக்குப் பேருதான் பண்பு!”

“பண்பு இருக்கட்டும். டிவிக்காரன் மைக்க நீட்டுனா என்ன சொல்லுவாரு? ‘அவரும் நல்லா ஆடினாரு.’ அம்புட்டுத்தான்! இந்த வாய வச்சுக்கிட்டு மெஷின வெரட்டப் போறாராக்கும்!”

ஜலீலே சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்கத் துரைராசுவின் பக்கம் திரும்பினார். “அது கெடக்கட்டும் தலைவரே. போன்ல என்னதான் சொன்னாரு?”

“‘சரிங்க’ன்னாரு.”

“அவ்வளவுதானா?”

“அவருக்கு அதுவே மாநாட்டுப் பேச்சு, பாய்.”

மதியம் எலுமிச்சம் சாதம் வந்தது. பந்தியில் உட்கார்ந்தபடி, “மாப்பிள்ள எங்கே?” என்று அம்சம் கேட்டாள். மறுபடியும் சிரிப்பு. துரைராசு மட்டும் இலையில் கைவைக்கவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் எட்டிப் பார்த்தார். வெயில் சாய்ந்தது. அவரது நம்பிக்கையும் அதனுடன் சாய்ந்தது.

“மெட்ராசுல பிளாட் வாங்குனவனுக்கு இந்தச் சேறு எங்கேருந்து ஞாபகம் வரும்?” என்று கடைசியில் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. “நாளைக்கே மன்றத்தக் கலைக்கிறேன்.”

“கலைச்சுட்டு? கேரம் ஆடுறவரு எவராச்சும் இருக்காரா, மால போட?” என்றாள் அம்சம். இந்த முறை யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஆய்வாளர் உள்ளே வந்தார். “எல்லாரும் கெளம்பலாம். ஒங்க யார் மேலயும் கேஸ் இல்ல.”

துரைராசு எழுந்தார். கேட்க நடுங்கிய கேள்வியைக் கேட்டுவிட்டார். “சார், எங்க வயலு?”

“தப்பிச்சுது. மெஷின் இன்னிக்கு எறங்கல. நாளைக்கு எறங்கும்.”

“ஏன் எறங்கல?”

ஆய்வாளர் தொப்பியைக் கழற்றினார். “விடியக்காலம் ஒருத்தரு ரயில விட்டு எறங்கி நேரா வயலுக்கே வந்துட்டாரு. மெஷினுக்கு முன்னாடி சேத்துல ஒக்காந்தவர நாலு பேரு சேந்து தூக்கித்தான் வண்டியில ஏத்துனோம். அதப் பாத்துட்டு டிரைவர் சாவியப் போட்டுட்டுப் போயிட்டான். அவர மட்டும் ரிமாண்டுல திருச்சி ஜெயிலுக்கு அனுப்பியாச்சு.”

தொப்பி விளிம்பில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டினார்.

“‘ஒத்த ஆளா ஒக்காந்திருக்கியே, ஒங்க ஊர்க்காரங்கல்லாம் எங்க?’ன்னு கேட்டேன். ‘வந்துக்கிட்டிருக்காங்க’ன்னாரு வைரக்கண்ணு. வண்டி கெளம்புற வரைக்கும் அந்தப் பாலத்தையே பாத்துக்கிட்டு இருந்தாருய்யா.”

இதைப் படிக்கும் தோழர்களே, இயந்திரம் நாளை விடியலில் மீண்டும் வருகிறது. பாலத்தைக் கடந்து வந்து, அந்தச் சேற்றில் உட்காருங்கள்!