கறுப்புத் திரைக்காரனுக்கு ஒரு நன்றி

என் மீசைமேல் ஆணை, இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது! ஒரு போட்டோ ஸ்டுடியோவில் விண்டோஸ் கணினியும், கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடும் லினக்ஸ் கணினியும் ஒரே நெட்வொர்க்கில் குடியிருந்தன. "கறுப்புத் திரைக்காரா, கலர்னா என்னன்னு தெரியுமாடா?" என்று விண்டோஸ் தினமும் சீண்டும்.

ஒரு நாள் விண்டோஸின் ஹார்டு டிஸ்க் கரகரவென்று இழுக்க ஆரம்பித்தது. உள்ளே ஒரு கல்யாணத்தின் தொள்ளாயிரம் படங்கள். வேறெங்கும் நகல் இல்லை. இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்லவா முடியும்?

"அண்ணே, உங்க ஃபோல்டர்ல வச்சுக்கங்க!" என்று விண்டோஸ் கெஞ்சியது.

"அதைப் பார்க்கத்தானே உனக்கு அனுமதி, உள்ளே வைக்க இல்லையே," என்ற லினக்ஸ், இருவர் பாஷையும் தெரிந்த சாம்பா என்ற நிரலைக் கூப்பிட்டது. "தம்பிக்கு எழுதுற உரிமையும் கொடுப்பா, சீக்கிரம்!"

கடைசிப் படம் வந்து சேர்ந்ததும் டிஸ்க் கண்ணை மூடியது.

புது டிஸ்க் போட்டபோது விண்டோஸுக்குப் பழசெல்லாம் மறந்துபோயிருந்தது. லினக்ஸ் படங்களைத் திருப்பித் தந்தது.

"ரொம்ப நன்றி அண்ணே! இவ்வளவு நல்லவரா இருக்கீங்களே, முன்னாடி நான் உங்ககூடப் பேசியிருக்கேனா?"

"தினமும் கலகலன்னு பேசுவியே தம்பி," என்றது லினக்ஸ்.

நான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். படங்களை மீட்டது தான்தான் என்று ஸ்டுடியோ முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.