சொர்ணலதாவின் வியாதிகள்

மாணிக்கவாசகம் வீட்டுக்குள் நுழையும்போது, உள்ளறையில் மனைவி சொர்ணலதா போனில் முனகிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா வாந்திங்க டாக்டர். இன்னைக்கு ரத்தமா வந்துச்சு."

நேற்றும் இப்படித்தான் போனில் யாரிடமோ நெஞ்சுவலி என்றாள். அவர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க" என்று மழுப்பினாள். மகள் வினிதா ருமேனியாவில் டாக்டருக்குப் படிக்கிற செலவை நினைத்து நோயை மறைக்கிறாளோ?

தெருவுக்கு ஓடி, அங்கே வந்த கன்னடக்காரரின் ஆட்டோவை நிறுத்திவிட்டு மறுபடியும் உள்ளே ஓடினார்.

"எந்திரி சொர்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்!"

போன் திரையில் வினிதா சிரித்தாள்.

"அப்பா, அம்மா நல்லாத்தான் இருக்காங்க. எனக்குப் பாடமெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனா இங்க நோயாளிங்க ருமேனிய பாஷைதான் பேசுவாங்க. அடுத்த வாரம் அதுல பரீட்சை. அம்மா நோயாளியா நடிக்கிறாங்க, அவங்க சொல்றதை நான் ருமேனியத்துல சொல்லிப் பழகறேன்."

"சொன்னா கேலி பண்ணுவீங்கன்னுதான் சொல்லலீங்க" என்றாள் சொர்ணலதா.

அவர் தொப்பென்று கட்டிலில் உட்கார்ந்தார். வெளியே ஹாரன் அடித்தது.

"பேடப்பா, நீ ஹோகு!" என்று கன்னடத்தில் வேண்டாமெனச் சொல்லி, ஜன்னல் வழியாக ஆட்டோவை அனுப்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனைத் தன் பக்கம் திருப்பினார்.

"நாளைக்கு எனக்கு என்ன வியாதி, கண்ணு?"