லிஃப்ட்டம்மாவின் நாற்காலி

லிஃப்ட்டம்மாவின் முக்காலியைக் காண்ட்ராக்டர் காலையிலேயே தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

"பெரிய மனுஷங்க வர்ற நாளு. நீ மகாராணி கணக்கா உட்கார்ந்திருந்தா பார்க்க நல்லாவா இருக்கும்? நின்னே லிஃப்ட்டை ஓட்டு."

"காலு ரெண்டும் உலக்கையா வீங்கியிருக்குய்யா."

"முடியலைன்னா வீட்டுல இரு. உன் வேலைக்கு ஆளா இல்லை?"

அவன் தலை மறைந்ததும், தரை துடைத்துக்கொண்டிருந்த நாத்தனார் பொருமினாள். "இவன் மேல புகார் கொடு அண்ணி. அதுக்குன்னு ஒரு துறை இருக்குல்ல?"

லிஃப்ட்டம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அவங்க கேட்டுக் கிழிச்சாங்க!"

"இவன் உன் சீட்டைக் கிழிச்சுடுவான்னு பயமா?"

"கிழிக்கட்டும்டி. காலே போனப்புறம் வேலை எதுக்கு?"

சொன்னவள், கண்காட்சி நடக்கவிருந்த மூன்றாம் மாடிக்கு லிஃப்ட்டை ஏற்றினாள். அங்கே ரிப்பன் கட்டி வைத்திருந்த மர நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கீழே இறங்கினாள்.

கதவு திறந்தது. எதிரே அமைச்சர், பின்னால் அதிகாரிகள்.

"ஏய், எந்திரி! அது காட்சிக்கு வச்சது!" என்று காண்ட்ராக்டர் பாய்ந்தான்.

"இதுல தொங்குற அட்டையைக் கொஞ்சம் படிங்கய்யா" என்றாள் அவள், அசையாமல்.

அமைச்சரே குனிந்து உரக்கப் படித்தார். "கடைப் பெண்கள் உட்கார்ந்து வேலை பார்க்கும் உரிமையை நமது தொழிலாளர் துறை வாங்கித் தந்தபோது போடப்பட்ட முதல் நாற்காலி."

படிக்கப் படிக்க அவர் குரல் தேய்ந்தது. அந்தக் கட்டடமே அந்தத் துறையின் தலைமை அலுவலகம்தான். அன்று அதன் நூற்றாண்டு விழா.

"கண்காட்சி... எந்த மாடி?" என்று பேச்சை மாற்றினார்.

"இங்கேயே ஆரம்பிச்சிடுச்சுங்க. உள்ள வாங்க."