நடுப்பகல் காய்ச்சல்

“இன்னும் ரெண்டு கிலோமீட்டர் குறைஞ்சா என் வேலை போயிடும் அண்ணே. ஏதாவது செய்யுங்க.”

இரவுப் பணி முடித்த கையோடு வந்திருந்தாள் அந்த நர்ஸ். உட்காரச் சொன்ன ஸ்டூலில் உட்காராமல், தன் எலெக்ட்ரிக் பைக்கின் சீட்டைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டு நின்றாள்.

மெக்கானிக் பேட்டரியை உருவி மேசைமேல் வைத்தார். ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வார் என்பதால் தெருவில் அவருக்கு ‘வாத்தியார்’ என்று பெயர்.

“வாங்கினப்ப எவ்வளவு ஓடுச்சு சிஸ்டர்?”

“அறுபது. அஞ்சே மாசத்துல நாற்பதுக்கு வந்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய் வர முப்பத்தெட்டு. அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. தீப்பிடிச்சுடும்னு அங்கே சார்ஜ் போடவும் விடமாட்டாங்க.”

“அஞ்சு மாசத்துல ரெண்டு, மூணு குறைஞ்சா நியாயம். இருபது ஓவர். ஓட்டிட்டு வந்த சூட்டோட சார்ஜ் போடறீங்களோ?”

“இல்லை. அரை மணி நேரம் ஆற விட்டுத்தான் போடுவார்.”

“யாரு?”

“என் வீட்டுக்காரர். அவருக்கு வீட்டுல இருந்தே வேலை. பேட்டரி அவர் பொறுப்பு, என்னைத் தொடவே விடமாட்டார். ‘ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கே, நீ படு, நான் பார்த்துக்கறேன்’னு வாங்கிக்குவார். எட்டு வருஷம் வீட்டோட இருந்துட்டு மறுபடி வேலைக்குப் போறேன்னு சொன்னப்பகூட ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை அண்ணே.”

“கொடுத்து வெச்சவங்க நீங்க.” வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பேட்டரியும் வயிறு மாதிரிதான் சிஸ்டர். காயப் போட்டாலும் கெடும், தொண்டை வரைக்கும் ரொப்பினாலும் கெடும். நூறு ஏத்தணும்னா கிளம்பறதுக்குச் சித்த முன்னாடி ஏத்தணும். ஏத்தி வெச்சுட்டுச் சும்மா கிடக்க விடக் கூடாது. அதைவிடப் பெரிய எதிரி சூடு. வயிறு முட்டத் தின்னவனைத் தகரக் கொட்டகையில கட்டிப் போட்டா என்ன ஆவான்?”

அவள் கைபேசி அதிர்ந்தது. ‘இன்னும் வரலையா? தூங்க வேண்டாமா?’ வீட்டுக்காரர்தான்.

“சீக்கிரம் காரணத்தைக் கண்டுபிடிங்க அண்ணே. நின்னுட்டே தூங்கிடுவேன் போல.”

“பேட்டரியையே கேட்டுடுவோம். உள்ளே குட்டியா ஒரு மூளை இருக்கு. சார்ஜ் எவ்வளவு, சூடு எவ்வளவுன்னு மணிக்கு மணி குறிச்சு வெச்சிருக்கும்.”

ஒயரைச் செருகி, லேப்டாப் திரையைப் பார்த்தவரின் பேச்சு நின்றது.

அவள் எட்டிப் பார்த்தாள். நோயாளிகளின் காய்ச்சல் அட்டையைப் பார்த்துப் பழகிய கண். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. உச்சிப்பொழுதுக்குள் நூறு சதவீதம். பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை ஐம்பத்தெட்டு டிகிரி. நேற்றும் அப்படி, முந்தாநாளும் அப்படி. அவள் விடுப்பில் இருந்த நாட்களில் மட்டும் கோடு ஏறாமல் படுத்துக் கிடந்தது.

“இதை வீட்டுல எங்கே வைக்கிறீங்க?”

“பெட்ரூம்ல, பீரோ பக்கத்துல. நான் படுக்கறப்பவும் அங்கேதான் இருக்கும், எழுந்திருக்கறப்பவும் அங்கேதான் இருக்கும்.”

“நடுவுல?”

அவள் சீட்டைத் துடைப்பதை நிறுத்தினாள்.

“புதுசு ஒண்ணு வாங்கிட்டா?” என்றாள்.

“இதே கவனிப்புன்னா அதுவும் அஞ்சு மாசம்தான்.”

வாத்தியார் ஒயரைக் கழற்றிச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடியும் சுருட்டினார்.

“தப்பு என் மேலேயும் இருக்கு சிஸ்டர். நீங்க வண்டி வாங்கின வாரமே இதே வண்டியில உங்க வீட்டுக்காரர் இங்கே வந்தார். எல்லாரும் பேட்டரி ரொம்ப நாள் உழைக்க என்ன செய்யணும்னு கேப்பாங்க. அவர் மட்டும்தான், சீக்கிரம் கெட்டுப்போகணும்னா என்னென்ன செய்யணும்னு கேட்டார். எவ்வளவு அக்கறையான மனுஷன்னு நினைச்சு, ஒண்ணு விடாம எழுதியே கொடுத்தேன்.”