எப்பச் சொன்னே?

“டாக்டர், இவருக்கு எதுவுமே நினைவுல நிக்க மாட்டேங்குது. கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னா, ‘எப்பச் சொன்னே?’ங்கிறார். மாடியில காயற துணியை எடுக்கச் சொன்னா, அதுக்கும் ‘எப்பச் சொன்னே?’தான்.” டீச்சரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “இவங்க அப்பாவும் கடைசியில பெத்த பிள்ளையையே யாருன்னு கேட்டார்.”

பக்கத்தில் கணவர் பெட்டிப்பாம்பாக உட்கார்ந்திருந்தார். ஊசி என்றாலே நடுங்குகிறவர். ‘நீயும் குடுத்தாத்தான் நானும் குடுப்பேன்’ என்று அடம்பிடித்து, மனைவியையும் ரத்தப் பரிசோதனைக்கு உட்கார வைத்திருந்தார்.

டாக்டர் அறிக்கைகளைப் புரட்டினார். “பி12 வைட்டமின் ரொம்பக் கம்மி. நரம்புக்கு அது ரொம்ப முக்கியம். குறைஞ்சா விரல் மரத்துப்போகும், மறதி வரும். பயப்படாதீங்க, ஊசி போட்டா சரியாயிடும்.”

“நான்தான் சொன்னேன்ல!” டீச்சரம்மா கணவரின் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“அவருக்கு எல்லாம் சரியா இருக்கு. ஊசி உங்களுக்குத்தாம்மா. அவர்கிட்ட சொல்லணும்னு நினைச்சிருப்பீங்க, சொல்ல மறந்திருப்பீங்க.”

டீச்சரம்மா கணவரின் சட்டையை விட்டுவிட்டுத் தன் கையை நீட்டினார்.

வீடு திரும்பும் வழியில் கணவர் மெல்ல ஆரம்பித்தார்.

“இந்த மாசம் ஞாயித்துக்கிழமையெல்லாம் சிநேகிதங்களோட மீன் பிடிக்கப் போயிட்டு வாங்கன்னு நேத்து நீதானே சொன்னே?”

டீச்சரம்மா நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்.

“சொல்லியிருப்பேன்... போயிட்டு வாங்க.”

ஊசி எத்தனை நாளில் வேலை செய்யும் என்று டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டோமே என்ற கவலை கணவருக்கு அப்போதுதான் வந்தது.