நசீர் டாக்டர் போடாத ஊசி

"இது சாதா வைரஸ் காய்ச்சல்மா. ஊசி வேஸ்ட். ரெண்டு நாள் வேலைக்குப் போகாம படுத்தாலே சரியாயிடும்" என்றார் டாக்டர் நசீர்.

இறால் கம்பெனியில் ஐஸுக்குள் கைவிட்டு இறால் உரிக்கும் செங்கொடிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"ஒரே ஒரு ஊசி போட்டு வுடுங்க சார்."

"ராயபுரத்துலயே வீணா ஊசி போடாத டாக்டர்னு எனக்குப் பேரு. உனக்கு ஊசிதான் வேணும்னா எதிர் கிளினிக்குக்குப் போ. தும்மினாலே போடுவாரு."

"அவரு வேணாம் சார். உங்க கையாலதான் வேணும்."

டாக்டருக்கு உள்ளூரப் பெருமை. ஆனாலும் தலையசைத்து மறுத்தார்.

"வெறும் தண்ணியயாச்சும் குத்துங்க சார். இடுப்புல வேணாம், கையில. தெரியற மாதிரி." வாசலைப் பார்த்துப் பார்த்துக் கெஞ்சினாள்.

இந்த ஜனங்களை எப்போது திருத்துவது என்று அலுத்துக்கொண்டு, மாத்திரையை மட்டும் கொடுத்து அனுப்பினார்.

வாசலில் கம்பெனி மேஸ்திரி ஜெயவேல் காத்திருந்தான்.

"கையக் காட்டு."

இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஊசி போடலியா?"

"ரெண்டு நாள் படுக்கச் சொன்னாருண்ணா."

"அது வர்றவங்களுக்கெல்லாம் சொல்றதுதான். உங்க எல்லாரையும் நான் இவராண்ட மட்டும் ஏன் இட்டாறேன்? சும்மா சும்மா ஊசி போட மாட்டாரு, நேர்மையான மனுசன். உனுக்கு நெஜமாவே ஜுரம்னா போட்டிருப்பாரு. நட, லோடு வந்துகீது. போய் ஐஸாண்ட உக்காரு."